முதுகைப் பார்த்துப் பெயர் சொன்னவர்

அங்கிளுக்குச் சந்தோஷம் வந்தால் கை தட்டிவிடுவார். இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். சர்ச்சில் தட்டலாம், கல்யாண வீட்டில் தட்டலாம், பேரப்பிள்ளை எழுந்து நின்றால் தட்டலாம். பறவை பார்க்கப் போன இடத்தில் யாராவது தட்டுவார்களா? அவர் தட்டுவார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, பாதி வழி வேனிலும் மீதி வழி சேற்றிலும் போய், கொசுவுக்குக் கையைக் கொடுத்துவிட்டு, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டபடி ஒரு மரத்தடியில் நிற்போம். எங்கிருந்தோ ஒரு பறவை வந்து கிளையில் உட்காரும். உடனே எங்களுக்குப் பின்னாலிருந்து பட் பட் பட் என்று சத்தம் கேட்கும். பறவை போய்விடும். அங்கிள் முகமெல்லாம் பல்லாக நிற்பார்.

"பார்த்தீங்களா? என்னா அழகுலா!" என்பார்.

நாங்கள் எங்கே பார்த்தோம்? காலியான கிளை ஆடுவதைத்தான் பார்த்தோம்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவி டீச்சர். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுக்குள் நுழைந்ததும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்ப்பார்; பூச்சிகள்கூடக் கத்துவதை நிறுத்திவிடுமோ என்று எனக்குத் தோன்றும். வேன் மேரு அண்ணனுடையது. கிள்ளான் பக்கத்தில் மேரு என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை, அதனால் அந்தப் பெயர். பறவை வந்தாலும் வராவிட்டாலும் அவருக்குக் கவலை கிடையாது. பசியாற எங்கே நிறுத்துவது என்பதுதான் கவலை. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் நர்ஸ். வாரம் முழுக்க ஊராரை வாயைத் திறங்கள் என்று சொல்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயை மூடிக்கொள்ளப் போவேன். இன்னும் ஓரிருவர் வருவார்கள், போவார்கள். அங்கிள் மட்டும் ஒரு வாரமும் தவறியதில்லை.

ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிறந்ததும் வளர்ந்ததும் பிரிக்பீல்ட்ஸ். ஆன்டி காலமான பிறகு வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று எங்களோடு சேர்ந்தார். உண்மையில் அவர் டீச்சரைவிட வயதில் இளையவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் டீச்சர்கூட அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். அந்த முகத்துக்கு வேறெதுவும் பொருந்தாது.

முதல் நாள் அவரைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனோம். ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் பாக்காவ் என்கிற அலையாத்தி மரக்காடு. மரங்கள் எல்லாம் வேரைச் சேற்றில் ஊன்றி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களைப் போல நிற்கும். மரப்பாலத்தின் மேல் வரிசையாக நின்றோம். சேற்றுக்கு மேலே நீண்டிருந்த குச்சியில் ஏதோ வந்து உட்கார்ந்தது. டீச்சர் தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோன நேரம், பட் பட் பட்.

டீச்சர் மெதுவாகத் திரும்பினார். அந்தத் திரும்பலைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் கால்சட்டையை நனைத்திருப்பார்களோ தெரியாது.

"அங்கிள், இங்க என்ன கச்சேரியா நடக்குது?"

"சாரி டீச்சர். கை அதுவா போயிடுச்சி. எங்க சர்ச்சில சந்தோஷம் வந்தா தட்டுவோம். சின்னப் பிள்ளையில இருந்து அப்படியே பழக்கம்லா."

"இப்ப அது என்ன பறவைன்னு யாருக்குத் தெரியும்?"

"மீன்கொத்தி டீச்சர்," என்றார் அங்கிள் அலட்டிக்கொள்ளாமல். "முதுகு பச்சையும் நீலமுமா இருந்துச்சி. கழுத்தைச் சுத்தி வெள்ளைத் துண்டு போட்ட மாதிரி. புத்தகத்தைப் பாருங்க."

பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. டீச்சருக்கே கோபம் பாதி இறங்கிவிட்டது. திரும்பி வரும் வழியில் மின்கம்பியில் அதே மீன்கொத்தி, நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டீச்சர் வேனை நிறுத்தச் சொல்லி, பாசம் பொங்க, "இது என்ன அங்கிள்?" என்று கேட்டார்.

அங்கிள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். இன்னும் நன்றாகப் பார்த்தார். "வெள்ளையா இருக்கே. புறாவா டீச்சர்?"

வேனே குலுங்கிற்று. மேரு அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. சின்ன வயதிலிருந்தே தட்டித் தட்டி, அங்கிள் இதுவரை பார்த்ததெல்லாம் ஓடுகிற பறவையைத்தான். முதுகு, வால், இறக்கையின் பின்பக்கம் எல்லாம் அத்துப்படி. முகத்தோடு அறிமுகமே கிடையாது. பறவைப் புத்தகத்தை ஒருமுறை அவரிடம் கொடுத்தபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்ன புத்தகம்லா இது? எல்லாம் அப்படியே நிக்குது! எந்த ஊர்ல பறவை நிக்குது?"

டீச்சர் பல வைத்தியம் செய்து பார்த்தார். ஒரு கையில் தேநீர் பிளாஸ்கையும் மறு கையில் குடையையும் கொடுத்தார். குடையால் பிளாஸ்கைத் தட்டினார் அங்கிள். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிய கையோடு தோளைத் தட்டிக்கொண்டார். பாக்கெட்டில் கையை விட்டுக்கொள்ளச் சொன்னால், பாக்கெட்டுக்குள்ளிருந்தே தொடையில் தட்டல் கேட்டது. நாங்கள் சிரிப்பை அடக்குகிற சத்தத்திலேயே மிச்சப் பறவைகளும் போய்விடும். எனக்கு அந்த ஞாயிறுகள் அவ்வளவு பிடிக்கும். வாரம் முழுக்க அடுத்தவர் பல்லைப் பார்க்கிறவளுக்குத் தன் பல் தெரியச் சிரிக்க ஒரு நாள் கிடைத்தால் பிடிக்காமல் போகுமா?

"அங்கிள், கொஞ்சம் அடக்கக் கூடாதா?" என்று ஒருநாள் தோசைக் கடையில் கேட்டேன்.

"சந்தோஷத்தைக் கையிலேயே வச்சிருந்தா கனக்கும்மா. உடனே தட்டி விட்டுடணும்," என்றார். சட்டினியை வழித்துக்கொண்டே சொன்னதால் அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

சொந்தக்காரர் கல்யாணம் என்று ஒரு வெயில் காலத்தில் திருச்சிக்குப் போனார். போனவர் கல்யாண வீட்டில் இருக்காமல் காவிரிக் கரைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, பசியாறுகிற மேசையில் எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

"அங்க சுத்திலும் காய்ஞ்சி கிடக்கு. ஆத்துல தண்ணிகூட ஒரு ஓரமாத்தான் போகுது. ஆனா கரையில மட்டும் மரம் பச்சையா நிக்குது. வேற எங்க போகும்? அந்த வட்டாரத்துப் பறவை எல்லாம் அந்த மரத்துலதான் குடும்பம் நடத்துது. நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் மழை, எங்க பார்த்தாலும் மரம். அங்க ஆத்தோரம்தான்லா அவங்களுக்குக் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்!"

"அங்கயும் தட்டினீங்களா?" என்றார் டீச்சர்.

"மயிலுக்குத் தட்டினேன் டீச்சர். ஆச்சரியம் என்னன்னா, அது ஓடல! தோகையை விரிச்சிக்கிட்டு அப்படியே நின்னுச்சி. சரி, இன்னைக்கு ஒரு பறவையோட முகத்தைப் பார்த்துடலாம்னு கிட்டப் போனேன். அது என்ன பண்ணுச்சி தெரியுமா? மெதுவா ஒரு சுத்து சுத்தி, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுடுச்சி!"

மேரு அண்ணனுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. முதுகில் தட்டிவிட்டது அங்கிள்தான்.

அவர் மகள் பின்லாந்தில் இருக்கிறார். ஒரு கோடை முழுக்க அங்கே போய் இருந்தார். ஆற்றங்கரையில் வெள்ளைப் பட்டை போர்த்த மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு எங்களுக்குக் குரல் செய்தி அனுப்புவார். முதலில் தட்டல் கேட்கும், அடுத்து ஒரு பெரிய படபடப்பு, அப்புறம் அவர் குரல். "கேட்டுச்சா? எல்லாம் ஒரே ஜாதி! இங்க வகை கம்மி, ஆனா ஒவ்வொரு வகையும் ஊர்ப்பட்ட கூட்டம். ஒருத்தன் போனா எல்லாரும் போறான். நம்ம கோம்பாக் காட்டுல அப்படி இல்ல. அங்க நூறு வகை இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒருத்தன் ரெண்டு பேரு. ஒரு தட்டு தட்டினா ஒருத்தன்தான் போவான். பக்கத்துல இருக்கறவனுக்கு அவன் யாருன்னே தெரியாது!"

டீச்சர் அதை இரண்டு முறை போட்டுக் கேட்டார். "இந்த மனுஷன் வாயை மூடினா நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா சொல்றது சரியாத்தான் இருக்கு," என்றார்.

டீச்சருக்கு ஒரு ஆசை இருந்தது. சைபீரியாவின் ஆற்றோரக் காடுகளில் கூடு கட்டுகிற ஒரு சின்னக் குருவி, அங்கே குளிர் தொடங்கியதும் நம் ஊர் ஓடைக் கரைகளுக்கு வந்துவிடும். சிட்டுக்குருவி அளவுதான். முதுகு நல்ல கருநீலம், வயிறு பால் வெள்ளை. தரையில் தத்தித் தத்தி நடக்கும், வால் நடுங்கிக்கொண்டே இருக்கும், மனிதர் கண்ணில் லேசில் படாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு வலசை போகும் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்தியபோதெல்லாம் அந்த நீலக்குருவியைத்தான் டீச்சர் கரும்பலகையில் வரைவாராம். நேரில் மட்டும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் மழைக் காலத்தில் கோம்பாக் ஓடைக் கரைக்குப் போவோம். ஒவ்வொரு வருடமும் அட்டைக் கடியோடு திரும்புவோம்.

ஒரு வருடம் அது வந்தது. முதலில் பார்த்தது அங்கிள். இலைச் சருகுக்குள் ஏதோ அசைந்திருக்கிறது. டீச்சர் அந்த நேரம் குனிந்து சாக்ஸிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பட் பட் பட்.

"நீலம் டீச்சர்! முழு நீலம்! வால் நடுங்கிக்கிட்டே போச்சி!"

டீச்சர் நிமிர்ந்தபோது புதர்தான் இருந்தது. அவர் திட்டவில்லை. அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அங்கிளைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை தட்டினா வேன்ல இடம் இல்ல."

திரும்பி வரும்போது மேரு அண்ணன் பசியாறக்கூட நிறுத்தவில்லை. அங்கிள் தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, டீச்சரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

அடுத்த சில மாதங்கள் அங்கிள் வேனிலிருந்து இறங்குவதில்லை. நாங்கள் காட்டுக்குள் போவோம், அவர் வேனிலேயே உட்கார்ந்திருப்பார். கேட்டால் முட்டி வலி என்பார். பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் மகள் அழுது தீர்த்துவிட்டார், இனி தனியாக இருக்க வேண்டாம், பின்லாந்துக்கே வந்துவிடுங்கள் என்று. பயணத்துக்கு எல்லாம் ஏற்பாடு ஆயிற்று. அது மழைக் காலம். நீலக்குருவி வருகிற நேரம்.

தோசைக் கடையில் அங்கிள் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், ஒரே ஒரு தடவை. நான் போறதுக்கு முன்னால அவனை உங்களுக்குக் காட்டிட்டுப் போறேன். நானும் ஒரு பறவையோட முகத்தைப் பார்த்துட்டுப் போறேன். இத்தனை வருசமா எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிட்டே போயிடுச்சி."

"கை?" என்றார் டீச்சர்.

"கைக்கு ஏற்பாடு இருக்கு."

ஏற்பாடு என்னவென்று அந்த ஞாயிறு காலை மோனோரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்ததும் தெரிந்தது. மகள் பனிக் காலத்துக்கென்று அனுப்பிய கம்பளிக் கையுறை. விரல்களுக்குத் தனித்தனியாக இடம் கிடையாது, கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு அறை. சிவப்பு நிறம், மணிக்கட்டில் வெள்ளை மான். மழை விட்டுப் புழுக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. சாலை கூட்டுகிற அண்ணன் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அங்கிள், வேன்லயே போட்டுக்கிட்டா எப்படி? எனக்குப் பார்க்கவே வேர்க்குது!" என்றார் மேரு அண்ணன்.

"கழட்டினா பயம்லா. வழியில ஒரு மைனாவைப் பார்த்துட்டா?"

காட்டுக்குள் அவர் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கையிரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, ரொட்டி அடுப்பிலிருந்து தட்டை எடுக்கிறவரைப் போல வந்தார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. துடைக்கப் போனால் கம்பளிதான் முகத்தில் படும். நான் என் துண்டால் துடைத்துவிட்டேன். டீச்சர் உதட்டில் விரலை வைத்தார், ஆனால் அந்த விரலுக்குப் பின்னால் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

ஓடை மழைத் தண்ணீரில் மஞ்சளாக ஓடிற்று. போன முறை நின்ற அதே இடத்தில் நின்றோம். அட்டைகள் ஏறின, யாரும் குனியவில்லை. மேலே எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. அங்கிள் அண்ணாந்து பார்த்து, "அவனுக்கு மட்டும் அனுமதி," என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்து நின்றது. துண்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது சருகு அசைந்தது. பாதை ஓரத்து வேருக்குப் பின்னாலிருந்து அது வந்தது. தத்தி, நின்று, ஒரு எறும்பைக் கொத்தி, எங்களை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. வால் மட்டும் குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கிற்று. எத்தனை ஆறுகளைத் தாண்டி வந்ததோ, எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றது.

அங்கிளின் கைகள் கிளம்பின. நான் கண்ணை இறுக்கி மூடினேன். பொத். பொத். பொத். தலையணையைத் தட்டினால் வருமே, அவ்வளவு சத்தம்கூட வரவில்லை. கண்ணைத் திறந்தேன். குருவி அப்படியே நின்றது. அங்கிள் தட்டிக்கொண்டே இருந்தார், அது பார்த்துக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பறவை அவர் தட்டி முடிக்கும் வரை முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் கன்னத்தில் வழிந்தது வேர்வை மட்டும் இல்லை.

என் காதருகே குனிந்தார். "அம்மா," என்றார் மூச்சுக்குள், "யாரு இந்த வெள்ளைக்காரன்?"

எனக்குத் துண்டு வாயிலிருந்து விழுந்துவிட்டது. நேர் முன்னால் நின்ற பறவையில் தெரிந்ததெல்லாம் வெள்ளை வயிறுதான். நான் பதில் சொல்வதற்குள் எனக்கு முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பட் பட் பட் பட்!

டீச்சர். தொலைநோக்கி கழுத்தில் ஊஞ்சலாட, இரண்டு கையையும் முகத்துக்கு நேராக வைத்து, பிறந்தநாள் கேக்கைப் பார்த்த பிள்ளையைப் போலத் தட்டிக்கொண்டிருந்தார். தான் தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. குருவி திரும்பிற்று. நீலம் ஒரு கோடாகப் போய்ப் புதருக்குள் மறைந்தது.

"ஆ! அவன்தான்!" என்று கத்தினார் அங்கிள். "அவனேதான் டீச்சர்! இப்பத்தான் அடையாளம் தெரியுது!"

டீச்சர் தன் கைகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு ஈரத் தரை என்றும் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். மேரு அண்ணன் மரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அன்று கோம்பாக் காட்டில் வேறு எந்தப் பறவையும் எங்கள் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

விமான நிலையத்தில் அங்கிள் அந்தக் கையுறையை டீச்சர் கையில் கொடுத்தார். "இனிமே இது உங்களுக்குத்தான் தேவைப்படும்," என்றார். இப்போது அது வேனில் டீச்சர் இருக்கைக்கு முன்னால் தொங்குகிறது. அங்கிள் பின்லாந்துக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பின்வரிசை ஓரத்து இருக்கையில் இன்னும் யாரும் உட்காருவதில்லை. அவர் இல்லாமல் நிறையப் பறவைகளை முழுதாகப் பார்க்கிறோம். அவ்வளவு சிரிப்பதில்லை.

அவர் போன முதல் பனிக் காலத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. மேரு அண்ணன் வேனை ஓரம் கட்டினார், எல்லோரும் கேட்டோம். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"ஆறு உறைஞ்சி போச்சிலா. கோடையில இருந்த கூட்டம் எல்லாம் கிளம்பிடுச்சி, உங்க பக்கம்தான் எங்கயாவது இருக்கும். இங்க ஒரு மரத்துல மூணே மூணு குருவி மிச்சம். நான் தட்டுறேன், மக வாங்கிக் கொடுத்த புதுக் கையுறை போட்டிருக்கேனா, சத்தமே வரல. அதுங்களும் போக மாட்டேங்குது. முகத்தையே காட்டிக்கிட்டு நிக்குது. தினமும் பார்க்கிறேன். யாருன்னே தெரியல டீச்சர். இந்த ஊர்ல எனக்கு யாரையுமே தெரியல."

கடைசியில் அவர் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் என் கைபேசியை வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்து, பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னார்:

"அங்கிள், கையுறையைக் கழட்டுங்க. நல்லா சத்தமா ஒரு தட்டு தட்டுங்க."

பதில் வர நேரமாயிற்று. அவருக்கு அந்தக் கம்பளியைக் கழற்றவே அவ்வளவு நேரம் பிடித்திருக்கும். பிறகு அந்தக் குளிரிலிருந்து எங்கள் வேனுக்குள் கேட்டது: பட் பட் பட். ஒரு சின்னப் படபடப்பு. அதற்கு மேலே அங்கிளின் பழைய குரல், "ஆ! தெரிஞ்சி போச்சி, தெரிஞ்சி போச்சி!"

டீச்சர் கை தட்டிக்கொண்டிருந்தார்.